மயக்க ஊசிக்குப் பின் கன்று சில்லிட்டுப் போனால்

கேள்வி: இரண்டு மாதக் கன்றுக்குக் கொம்புக் குருத்தைச் சுடுவதற்கு முன் மருத்துவர் சைலசின் ஊசி போட்டார். எச்சில் ஒழுக இரண்டு மணி நேரம் படுத்தே கிடந்தது, உடம்பும் சில்லிட்டது. அடுத்த கன்றுக்கு ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சுடும் வலி கொடியது. ஆனால் உங்கள் பயம் நியாயமானது.

சைலசினைக் குதிரையைவிட மாட்டினம் ஏறத்தாழ பத்து மடங்கு கூர்மையாக உணரும். இதயத் துடிப்பு குறையும், மூச்சு மந்தமாகும், இரைப்பை அசைவு நின்று வயிறு உப்பும். உடல் வெப்பத்தைக் காக்கும் திறனும் தளரும். சின்னக் கன்றுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் ஈரத் தரையில் கிடந்தால் சீக்கிரமே சில்லிட்டுவிடும். எச்சில் ஒழுகுவதும், அப்புறம் நிறைய சிறுநீர் கழிப்பதும் இந்த மருந்தின் இயல்புதான்.

நான் அதிகம் கவலைப்படுவது அளவைப் பற்றி. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் உள்ள மருந்தும் உண்டு, 100 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 60 கிலோ கன்றுக்கு முதல் வகையிலேயே ஒரு மில்லிகூடத் தேவைப்படாது. புட்டி மாறினால் அதே அளவு ஐந்து மடங்காகிவிடும். அதனால் கன்றை எடை போட்டு வையுங்கள், அல்லது நெஞ்சுச் சுற்றளவை அளந்து சொல்லுங்கள். கண் மதிப்பு போதாது. இருமலோ கழிச்சலோ இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, மயக்கம் மட்டும் வலியை முழுதாக நீக்காது. கொம்பு நரம்பில் லிக்னோகெயின் போட்டு மரக்கச் செய்வதும், பிறகு நீடிக்கும் வலிக்கு மெலாக்சிகாமும் வேண்டும் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நரம்பு மரத்துவிட்டால் சைலசினைக் குறைவாகவே கொடுத்துச் சமாளிக்கலாம்.

ஊசி போட்டதும் உலர்ந்த வைக்கோலில், நெஞ்சு தரையில் படும்படி அணைகொடுத்துப் படுக்க வையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் தொண்டையைவிட வாய் தாழ்ந்திருக்கட்டும். எச்சில் வெளியே வடிந்துவிடும். குளிர் நேரமானால் சாக்குப் போர்த்துங்கள், வெயில் என்றால் நிழலுக்கு மாற்றுங்கள். தானாக எழுந்து நின்று, நன்றாக விழுங்கும்வரை பால் புகட்டவே கூடாது. அரைமயக்கத்தில் புகட்டிய பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இடது விலா உப்பினாலோ, ஈறு வெளிறி நீலம் பாய்ந்தாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். டோலாசோலின், அடிபாமெசோல் போன்ற மாற்று மருந்துகள் சைலசினின் விளைவை முறிக்கும். அவை அவரது பையில் இருக்கிறதா என்பதை ஊசி போடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.