ஐம்பதை ஒட்டிய வயதில் அலமாரி: எதை வாங்கலாம், எதைத் திருத்தலாம்?

நடுவயதிலும் அதற்குப் பின்னும் உடை வாங்குவது குறித்து வாசகர்கள் கேட்ட ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 53. எடை பெரிதாகக் கூடவில்லை. ஆனாலும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய உடைகள் எதுவும் இடுப்பில் சரியாக அமையவில்லை. அலமாரி நிறைந்து வழிகிறது, வெளியே கிளம்பும்போதோ அணிய ஒன்றும் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா?

மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம், மொத்தமாக வாங்கவும் வேண்டாம். எடை மாறாமலேயே உடல் மாறுகிற வயது இது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை இடுப்பின் கீழும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் மெலிவதால் உயரம் சிறிது குறைகிறது. இணைப்பு நார்கள் தளர்வதால் பாதம்கூட அகன்றுவிடுகிறது. எடைக்கருவி பழைய எண்ணையே காட்டும்போது கால்சட்டையின் இடுப்புப் பட்டை மட்டும் இறுகுவதற்குக் காரணம் இதுதான். இதில் உங்கள் தவறு என்று எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: "இரண்டு மாதத்தில் இளைத்துவிடுவேன்" என்ற நம்பிக்கையில் ஓர் அளவு சிறிதாக வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கழற்றாமல் தொங்கவிடப்பட்ட உடைகளைப் பல அலமாரிகளில் பார்த்திருக்கிறேன். உடை இன்றைய உடலுக்காக வாங்கப்பட வேண்டும்.

முதல் ஒரு மாதம் கடைப்பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு நாளும் மாலையில் உடை மாற்றும்போது, அன்று உங்கள் கை அந்த உடையைத் தேடி எத்தனை முறை போனது என்று எண்ணிப் பாருங்கள். மேலேறிய மேல்சட்டையைக் கீழே இழுத்துவிட்டது, நழுவிய கழுத்தைச் சரிசெய்தது, உட்காரும்போது இடுப்புப் பொத்தானை மறைவாகக் கழற்றியது ஆகிய அனைத்தும் கணக்கில் வரும். ஒரு முறைகூடக் கை போகாத உடையை அலமாரியின் வலப்பக்கம் மாட்டுங்கள். மூன்று நான்கு முறை போனதை இடப்பக்கம் மாட்டுங்கள். மாத முடிவில் வலப்பக்கம் இருக்கும் ஏழெட்டு உடைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினால், அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். கழுத்தின் ஆழமாக இருக்கலாம், கையின் நீளமாக இருக்கலாம், துணி விழும் விதமாகவும் இருக்கலாம். அந்த ஒற்றுமையைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனி வாங்கப்போகும் உடைக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. உடையில் வரும் தன்னம்பிக்கை என்று நான் சொல்வது, அணிந்த பிறகு அந்த உடையை மறந்துவிட முடிகிற நிலையைத்தான்.

இடப்பக்கம் சேர்ந்தவற்றில் துணியும் நிறமும் நன்றாக இருப்பவை தையற்காரரிடம் போகட்டும். மற்றவை பொருந்தும் யாருக்காவது பயன்படட்டும். அதற்குப் பிறகும் குறைகிற இடங்களை நிரப்ப மட்டுமே வாங்குங்கள். சில துண்டுகளைக் கொண்டே பல சேர்க்கைகளை உருவாக்கும் "கேப்ஸ்யூல் வார்ட்ரோப்" என்ற கருத்தை 1970களில் லண்டனில் கடை நடத்திய சூசி ஃபோ பரவச் செய்தார். 1985இல் டோனா கரன் ஏழே துண்டுகளைக் கொண்டு ஒரு தொகுப்பை வெளியிட்டார். கருத்து மிக நல்லது, ஆனால் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வாரத்தில் எத்தனை நாள் பணிக்குப் போகிறீர்கள், எத்தனை நாள் வீட்டில் இருக்கிறீர்கள், மாதத்தில் எத்தனை விழாக்களுக்குப் போகிறீர்கள் என்பதே உங்களுக்கு உரிய எண்ணிக்கையைத் தரும். வீட்டிலேயே ஐந்து நாள் கழிக்கும் ஒருவர் தம் பணத்தில் பெரும்பகுதியை விழா உடைக்குச் செலவிட்டால், அலமாரி நிறைந்தும் அணிய ஒன்றும் இல்லாத நிலைதான் மிஞ்சும்.

கேள்வி: இணையத்தில் ஒரே அளவு எண்ணைப் பார்த்து வாங்குகிறேன். ஒன்று தொளதொளவென்று வருகிறது, இன்னொன்று கையே நுழையாமல் வருகிறது. எந்த எண்ணை நம்புவது?

எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். உடலை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8559 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. ஆனால் எந்த அளவுள்ள உடலுக்கு எந்த எண்ணை இடுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவுசெய்துகொள்கிறது. வாங்குபவர் மகிழ வேண்டும் என்று பெரிய உடைக்குச் சிறிய எண் இடுவதும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்தும் மேல்சட்டை ஒன்றை எடுத்து, பொத்தான்களைப் போட்டு, மேசைமேல் சுருக்கமின்றி விரித்துவையுங்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளவு நாடாவால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது 108 செ.மீ., உங்கள் மார்புச் சுற்றளவு 98 செ.மீ. என்றால், உங்களுக்கு வசதியான தளர்வு 10 செ.மீ. என்று பொருள். நெய்த துணிச் சட்டைக்கு இந்தத் தளர்வு கட்டாயம் வேண்டும். பனியன் துணிபோல் பின்னப்பட்ட துணி இழுபடும் என்பதால் அதற்குக் குறைவாக இருந்தாலும் போதும். பிறகு நிறுவனத்தின் அளவு அட்டவணையைப் பாருங்கள். அதில் தரப்பட்டிருப்பது உடலின் அளவா, உடையின் அளவா என்பதைக் கவனிக்காமல் விடுவதால்தான் பலருக்கும் ஏமாற்றம் நேர்கிறது. உடலின் அளவு மட்டும் தரப்பட்டிருந்தால், அந்த உடையில் எவ்வளவு தளர்வு விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். திருப்பி அனுப்பும் நாள்வரம்பையும், அதற்கான அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பணம் கட்டுமுன் படித்துவிட வேண்டும். விலைச்சீட்டைக் கழற்றாமல் வீட்டில் அணிந்து, உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பார்த்த பிறகே வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: 58 வயது ஆண் நான். வயிற்றுக்குப் பொருந்தும் சட்டை வாங்கினால் தோள் கீழே சரிகிறது. தோளுக்குப் பொருந்துவதை வாங்கினால் வயிற்றில் பொத்தான் இழுக்கிறது. கால்சட்டையும் நிற்பதில்லை.

சட்டையில் தோளுக்கு முதலிடம் கொடுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்க வேண்டும். அந்த அளவிலேயே உடற்பகுதி அகலமாக வெட்டப்பட்ட சட்டைகள் பல நிறுவனங்களில் கிடைக்கின்றன. "ஸ்லிம்" என்ற சொல் இருப்பதைத் தவிர்த்து, "ரெகுலர்" அல்லது "ரிலாக்ஸ்டு" என்று இருப்பதைப் பாருங்கள். பொத்தானைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல் சுருக்கம் விழுந்தால் அங்கே துணி போதவில்லை என்று பொருள். எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதைப் போக்க முடியாது. ஆயத்த ஆடையில் கிடைக்காவிட்டால், இரண்டு சட்டைகளையாவது அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது நல்லது.

கால்சட்டை நிற்காததற்குக் காரணம் இடுப்பளவைவிட அதன் முன்பக்க உயரமாகவே இருக்கக்கூடும். கவட்டுத் தையலிலிருந்து பட்டையின் மேல்விளிம்பு வரையுள்ள அந்த உயரம் குறைவாக இருந்தால், பட்டை வயிற்றுக்கு அடியில் போய் அமர்ந்து, நடக்க நடக்க இறங்கிக்கொண்டே இருக்கும். உயரம் கூடுதலாக உள்ளதை வாங்கி, தொப்புளை ஒட்டி அணிந்து பாருங்கள். பெல்ட்டை இறுக்க வேண்டிய தேவை குறைந்துவிடும்.

கேள்வி: 49 வயதாகிறது. திடீரென்று உடல் கொதித்து வியர்க்கிறது, சிறிது நேரத்தில் குளிர்கிறது. எந்தத் துணி ஏற்றது?

மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி வரும் இந்த வெப்ப அலையின்போது உடல், மிகச் சிறிய வெப்ப உயர்வுக்கும் மிகையாக எதிர்வினை புரிகிறது. வியர்வை துணியில் தங்கிவிடுவதால் பிறகு குளிர்கிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடும், பருத்தி ஏறத்தாழ 8 விழுக்காடும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான் வாங்கும். தடித்த பருத்தி நன்றாக உறிஞ்சினாலும் உலர நேரம் எடுத்துக்கொள்ளும், ஆகவே மெல்லிய பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவற்றை உடலை ஒட்டி அணியலாம். கம்பளி என்றாலே அரிக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரிப்பைத் தருவன 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தடித்த இழைகள், மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் நுண்ணிய இழை 19 மைக்ரானுக்கும் குறைவானது. இந்த வயதில் தோல் உலர்ந்து மெலிவதால் இந்த வேறுபாடு நன்றாகவே உணரப்படும்.

துணியைவிட முக்கியமானது அடுக்கு. தலைவழியாகக் கழற்ற வேண்டிய ஒரு தடித்த உடைக்குப் பதிலாக, முன்பக்கம் திறக்கும் மெல்லிய மேலங்கி ஒன்றும் அதனுள் கையில்லாத அல்லது அரைக்கை உடை ஒன்றும் இருந்தால், கூட்டத்தின் நடுவில் இருக்கும்போதும் அமைதியாகக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். கழுத்தை மூடும் உடைகளை இந்தச் சில ஆண்டுகளுக்கு ஒதுக்கிவையுங்கள். கோட் வாங்கும்போது உள்துணியின் லேபிளையும் படியுங்கள். வெளியே நல்ல கம்பளியும் உள்ளே முழுப் பாலியஸ்டரும் இருந்தால் உடலைத் தொடுவது பாலியஸ்டர்தான்.

கேள்வி: முடி முழுவதும் நரைத்துவிட்டது. 62 வயதில் அடர் நிறம் அணியக் கூடாது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. எந்த நிறத்துக்கும் வயது வரம்பு கிடையாது. முடி வெளுக்கும்போது முகத்துக்கும் முடிக்கும் இருந்த நிற வேறுபாடு மாறுகிறது. அதனால் முன்பு பொருந்திய ஒரு நிறம் இப்போது முகத்தைச் சோர்வாகக் காட்டலாம், முன்பு தயங்கிய ஒரு நிறம் இப்போது முகத்தை எடுத்துக்காட்டலாம். பகல் நேரத்தில் சன்னல் அருகே நின்று, துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை மட்டும் கண்ணாடியில் பாருங்கள். அது ஆழமாகத் தெரிந்தால் அந்த நிறத்தை இடுப்புக்குக் கீழே அணிந்துகொள்ளலாம். மறைந்தால் முகத்தருகே வரட்டும். கடை விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறுபடும் என்பதால் இந்தச் சோதனை பகல் ஒளியில்தான் நடக்க வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாவதால் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினமாகும். அவ்விரு நிறக் கால்சட்டைகளையும் தனித்தனி இடத்தில் மாட்டிவைப்பது உதவும்.

கேள்வி: தையற்காரரால் எதையும் சரிசெய்துவிட முடியும் என்று நினைத்து, தள்ளுபடியில் கிடைப்பதை வாங்கலாமா? எனக்குத் தோள்வலியும் விரல் மூட்டுவலியும் உண்டு.

எதையும் சரிசெய்ய முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் தள்ளுபடியில் ஒரு கோட் வாங்கினேன். தோள் தையல் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. பிடித்துத் தைத்தால் போதும் என்று கடையில் சொன்னதை நம்பிவிட்டேன். கையைப் பிரித்து, உள்துணியைப் பிரித்து, தோள் பஞ்சை எடுத்து, மறுபடி தைத்ததில் கோட்டின் விலையில் பாதிக்கு மேல் கூலி ஆயிற்று. அப்போதும் கழுத்தின் பின்புறம் புடைத்துக்கொண்டே நின்றது. அந்தக் கோட்டை அணிந்த ஒவ்வொரு முறையும் என் கை பின்கழுத்துக்குத்தான் போயிற்று. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம், உண்மையில் வீணான பணம்.

கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, பக்கத் தையலைப் பிடிப்பது, கையைச் சற்றுக் குட்டையாக்குவது ஆகியவை எளிய வேலைகள். தையலைப் பிரித்து உடையை அகலமாக்க உள்ளே துணி இருக்க வேண்டும்; வாங்கும்போதே உடையைப் புரட்டி, தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2 செ.மீ. இருந்தால் நாளை உடல் மாறினாலும் அந்த உடை உங்களுடன் வரும், அரை செ.மீ. விட்டு ஓவர்லாக் அடித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தோள், கைக்குழி, கவட்டின் ஆழம் ஆகிய மூன்றும் கடையிலேயே சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் தோளுக்கும் விரலுக்கும் முதுகு ஜிப் வைத்த உடைகள் வேண்டாம். முன்பக்கம் திறப்பவை, பெரிய பொத்தான் உள்ளவை, இடுப்பின் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்தவை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த சட்டையில் சிறிய பொத்தான்கள் இருந்தால், அவற்றைப் பொத்தான் துளையின் மேல் அழகுக்காகத் தைத்துவிட்டு, அடியில் அழுத்துப் பொத்தானோ காந்தப் பொத்தானோ வைத்துத் தரும்படி தையற்காரரிடம் கேளுங்கள். ஆனால் உடலில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் காந்தத்தைத் தவிர்க்க வேண்டும். ஆடை மாற்றும் அறையில் உதவிக்கு யாரையும் அழைக்காமல், நீங்களே போட்டு நீங்களே கழற்ற முடிகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.