மெக்சிகோவின் கடலோர ஊரில் ஆங்கில ஆசிரியரின் அன்றாடம்

புவேர்ட்டோ எஸ்கொண்டிடோவில் ஆங்கிலம் கற்பிப்பவரின் நாள் எப்படிக் கழியும் என்று கேட்டிருக்கிறீர்கள். பசிபிக் கரையிலுள்ள அவ்வூரில் நண்பகல் வெயில் கடுமையானது என்பதால், பெரியவர்களுக்கான தனி வகுப்புகள் பெரும்பாலும் அவர்கள் வேலைக்குச் செல்லும் முன்னரோ, வேலை முடிந்த மாலையிலோதான் அமைகின்றன. இடைப்பட்ட நேரம் பாடத் தயாரிப்புக்கும், 2 மணிக்கு மேல் உண்ணும் முக்கிய உணவுக்கும் உரியது. குழாய்நீரைக் குடிப்பதில்லை, 20 லிட்டர் கேன் விற்பவரின் கூவல் தெருவில் கேட்டதும் காலிக் கேனுடன் வாசலுக்கு விரைய வேண்டும். டோர்ட்டியா எனும் சூடான, மெல்லிய சோள ரொட்டியைக் கடையில் எடைபோட்டுக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் அங்கே ஊதியத்துக்குக் கற்பிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை, குடிவரவுத் துறையில் பதிவுபெற்ற பள்ளியின் வேலை அழைப்பும், பணி அனுமதியுடன் கூடிய தற்காலிக வசிப்புரிமையும் தேவை. சம்பளம் மெக்சிகோ நாணயமான பெசோவில் கிடைப்பதால், டாலர் கடனுள்ளவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.