கவுண்டருக்குப் பின்னால் குனிந்தால் போதுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்களுக்குச் சின்ன நகைக்கடை இருக்கிறது. பக்கத்தில் தையற்கடை. போன வருஷம் என் வீட்டுக்காரர் லைசென்ஸ் எடுத்து .32 ரிவால்வர் வாங்கினார். "எவனாவது உள்ளே புகுந்தால் கவுண்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டு சுடுவேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர் சொல்வது சரியா? - ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, தூக்கம் போனதில் நியாயம் இருக்கிறது. குனிந்தால் அவர் திருடனின் கண்ணுக்குத் தெரியமாட்டார், அவ்வளவுதான். கவுண்டரைத் துளைத்துக்கொண்டு வருகிற குண்டை அது நிறுத்தாது.

மறைவு வேறு, அரண் வேறு. மறைவு ஆளை ஒளிக்கும். அரண் குண்டை நிறுத்தும். ராமன் மறைந்து நின்று வாலியை அடித்த கதை நமக்குத் தெரியும். அதற்குச் சற்று முன்புதான் அதே ராமன் ஒரே அம்பில் ஏழு மராமரங்களைத் துளைத்துக் காட்டினான். அந்த மரங்களுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! (நிஜத்தில் நல்ல பருத்த அடிமரம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கிவிடும். அந்த அம்பு வேறு ரகம்.)

உங்கள் கவுண்டர் எப்படி இருக்கும்? மேலே கண்ணாடி, கீழே சன்மைக்கா ஒட்டிய பிளைவுட். குண்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டீல் பீரோ பார்க்க முரடாக இருக்கும், ஆனால் அதன் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சினிமாவில் கார் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுடுகிறார்களே, அந்தக் கதவும் இப்படித்தான். காரில் ஓரளவு நம்பக்கூடியது எஞ்சின் இருக்கும் பகுதியும் சக்கரமும். 'கட்டா' என்று இங்கே சொல்லும் கள்ளத் துப்பாக்கியையும் பொம்மை என்று நினைக்க வேண்டாம். அவற்றில் பல, .315 ரைபிள் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற மாதிரி செய்தவை.

சரி, எதுதான் அரண்? கான்கிரீட் தூண், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கனத்த இரும்புப் பெட்டகம். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து இரண்டு எட்டில் இவற்றில் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் நாற்காலியை நகர்த்துங்கள். அரண் கிடைத்தாலும் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சாய்வாகப் படும் குண்டு சுவரை ஒட்டியே போகும், சில்லும் தெறிக்கும். ஒரு கை தூரம் தள்ளி இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டில். மேலே தலையைத் தூக்கக் கூடாது.

மறைவால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆள் எங்கே என்று அவன் தேடுகிற ஓரிரு நொடியில் தூணுக்கோ பின்வாசலுக்கோ போய்விடலாம். அதே இடத்தில் குந்திக்கொண்டு சுட்டால், முதல் வெடிச்சத்தத்தோடு அந்த மறைவு முடிந்தது.

இனி, உங்கள் வீட்டுக்காரர் யோசிக்காத பக்கம். அவர் சுடும் குண்டுக்கும் இதே கணக்குதான். மும்பையில் இடம் மிச்சம் பிடிக்க இரண்டு கடைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்பு வைப்பது சகஜம். குறி தவறினால் அந்தப் பக்கம் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தையற்காரர் என்ன ஆவார்? எதிர்ப்பக்கம் சுட்டால் நடைபாதை. சாயங்காலம் ஆறு மணிக்கு செம்பூர் நடைபாதையில் எத்தனை பேர் போவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்ய அவை இடம் தருவதில்லை.

2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் புகுந்து சுட்டபோது, அங்கே அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, ஆபத்தில்லாத வழியைத் திரும்பத் திரும்ப மைக்கில் சொல்லிப் பயணிகளை வெளியே அனுப்பினார். அவரிடம் துப்பாக்கி இல்லை. அந்த அறிவிப்பால் பிழைத்தவர்கள் ஏராளம். அதனால், வெளியேற வழி இருந்தால் முதல் வேலை அதுதான். நகைக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடையை மூடியபின் இருவரும் உள்ளே நின்று ஒவ்வொரு தடுப்பையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தையற்கடைப் பக்கம் 'டொக் டொக்' என்று வெற்றாக ஒலித்தால், ரிவால்வர் பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.