வாடகை வீடுகளைக் கம்பெனி பெயருக்கு மாற்றினால் பாதுகாப்பா?

கேள்வி: திருப்பூரில் புரொப்ரைட்டர்ஷிப்பாகப் பனியன் யூனிட் நடத்துகிறேன். சேமித்து வாங்கிய இரண்டு வாடகை வீடுகள் என் பெயரில் உள்ளன. வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த மதிப்பு) மொத்தம் ஒன்றரைக் கோடி. தொழிலில் அடி விழுந்தால் வீடுகளும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி வீடுகளை அதன் பெயருக்கு மாற்றச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. புரொப்ரைட்டர்ஷிப்பில் சட்டத்தின் பார்வைக்கு நீங்களும் தொழிலும் ஒரே ஆள். நூல் பாக்கிக்காக ஒருவர் தீர்ப்பு வாங்கினால், மெஷினோடு சேர்த்து வீட்டையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். ஆனால் நண்பர் சொல்லும் வழி தலைகீழ். கம்பெனிக்குள் போக வேண்டியது வீடுகள் இல்லை, பனியன் யூனிட்.

கம்பெனி பட்ட கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்துக்குத் தாவாது. கம்பெனிச் சட்டம் தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். நீங்கள் பட்ட கடனுக்கு அது தடுப்பு ஆகாது. வீடுகளைக் கம்பெனியில் வைத்தாலும் அதன் பங்குகள் உங்களுடையவை. கடன் கொடுத்தவர் அந்தப் பங்குகளைப் பிடிப்பார்.

செலவையும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஒன்றரைக் கோடிக்கு 13.5 லட்சம். உங்கள் சொந்தக் கம்பெனிக்கே விற்றாலும் அது விற்பனைதான், மூலதன ஆதாய வரி (சொத்து கைமாறும்போது கிடைக்கும் லாபத்துக்கான வரி) வரும். அப்புறம் வருடா வருடம் ஆடிட். கம்பெனியின் ஆண்டுப் படிவம் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். வாடகைக்குக் கம்பெனி வரி கட்டிய பிறகு, அதை டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடியும் வரி.

யூனிட்டைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுவது இதைவிட மலிவு. தொழிலின் எல்லாச் சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போய், பதிலுக்கு நீங்கள் பங்குகள் மட்டும் பெற்று, 5 வருடம் குறைந்தது 50% வாக்குரிமையை வைத்திருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. ஒன்றை முதலில் பாருங்கள்: பேங்க் லோனுக்காக ஆடிட்டர் இந்த வீடுகளையும் தொழிலின் பேலன்ஸ் ஷீட்டில் காட்டியிருக்கிறாரா? காட்டியிருந்தால் 'எல்லாச் சொத்தும்' என்பதில் அவையும் மாட்டிக்கொள்ளும்.

கம்பெனி ஆனபிறகும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஜிஎஸ்டி பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாவிட்டால், தன் பக்கம் கடும் அலட்சியம் இல்லை என்று நிரூபிக்காத டைரக்டரிடம் கேட்பார்கள். இன்னொன்று இதைவிடப் பெரியது, கம்பெனிக் கடனுக்காகப் பேங்க்குக்குப் போடும் பர்சனல் கேரண்டி, அதாவது உங்கள் சொந்த ஜாமீன். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தொழிலதிபர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கம்பெனியில் வைத்துவிட்டு, லோன் புதுப்பிக்கும் நாளில் படிக்காமல் கேரண்டியில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு காகிதத்தால் வீடு ஏலத்துக்கு வந்தது. கேரண்டியே வேண்டாம் என்றால் பேங்க் ஒத்துக்கொள்ளாது. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு கேட்கலாம், பாதிக் கடன் அடைந்ததும் குறைக்கச் சொல்லலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் எழுதித் தரும் பத்திரம்) எழுதலாமா? குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. மலிவுதான். வாடகை மட்டும் வரிக்கு உங்கள் வருமானத்தில்தான் சேரும். ஆனால் கம்பெனிக்குத் தேவைப்படும் இரண்டாவது டைரக்டராக மனைவியையே ஆக்கிவிடாதீர்கள். பேங்க் அவரிடமும் கேரண்டி வாங்கும், மாற்றிய வீடும் கூடவே போகும். தம்பியோ நம்பிக்கையான உறவினரோ டைரக்டராக இருக்கட்டும்; என்ன கையெழுத்துப் போடப்போகிறார் என்பதை அவருக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

எதைச் செய்தாலும் தொழில் நன்றாக ஓடும்போதே செய்யுங்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றவோ இழுத்தடிக்கவோ செய்த மாற்றத்தை, சொத்து மாற்றுச் சட்டம் 53-ம் பிரிவின்படி கோர்ட் ரத்து செய்ய முடியும். பழைய பாக்கிகளுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கம்பெனி தொடங்கியதால் அவை மறையாது. தவணை தவறிய பாக்கி இப்போதே இருந்தால், அதை முதலில் தீர்த்துவிட்டு செட்டில்மென்ட்டை யோசியுங்கள்.

அடுத்து வாங்கப்போகும் சொத்து வேறு கணக்கு. எப்படியும் 9% கட்டத்தான் போகிறீர்கள். அண்ணன் தம்பிகள் சேர்ந்து கடை, குடோன் வாங்குவதாக இருந்தால் எல்எல்பி (பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) பொருந்தும்: லாபத்துக்கு எல்எல்பி 30% வரியும் செஸ்ஸும் கட்டினால் பங்காளிகள் கையில் மறுபடி வரி இல்லை, யார் பங்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கும். தனியாக ஒரு வீடு வாங்க அது தேவையில்லை.

இந்த வாரமே பேங்க்குக்குப் போய், இதுவரை நீங்களும் மனைவியும் கையெழுத்துப் போட்ட கேரண்டிப் பத்திரங்களின் நகலை வாங்குங்கள். பேலன்ஸ் ஷீட்டையும் அதையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள்.