அலொகேட்டர் தந்த இடத்தில் ஸ்ட்ரிங்கை எழுதினால் நிரல் ஏன் சில வேளை மட்டும் விழுகிறது?

சி++ மொழியில் நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தருவது அலொகேட்டர். அதன் அலொகேட் தந்த சுட்டிக்கு, அதாவது அந்த இடத்தின் முகவரிக்கு, நேரே சமக்குறி போட்டு ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) எழுதுகிறீர்கள். உங்கள் கணினியில் ஓடுகிறது, நண்பரின் கணினியில் நின்றுவிடுகிறது. இதே பிழையோடு கிளிநொச்சியில் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அலொகேட் தருவது வெறும் காணி. அதில் வீடு இன்னும் எழும்பவில்லை. சமக்குறியோ, குடியிருக்கும் வீட்டில் பழைய பொருளை அகற்றிவிட்டுப் புதியதை வைக்கும் வேலை. வீடே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? அங்கே கிடக்கும் ஏதோ ஓர் எண்ணைப் பழைய ஸ்ட்ரிங்கின் முகவரி என்று நம்பி, அதை விடுவிக்கப் போகும். சி++ விதிப்படி இது வரையறுக்கப்படாத நடத்தை: என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தராது.

பிறகு ஏன் சில வேளை ஓடுகிறது? லினக்ஸ் புதிதாகத் தரும் நினைவகப் பக்கங்கள் பூச்சியம் நிரம்பியே வரும். விடுவிக்க எதுவும் இல்லாததால் பிழை மறைந்துகொள்ளக்கூடும். வேறொரு பொருள் இருந்து விடுபட்ட இடம் கைக்கு வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை: பற்றை மூடிய வளவுக்குள் பழைய கிணறு எங்கே இருக்கிறது என்று பாராமல் யாரும் கால் வைப்பதில்லை.

நான் எழுதியது நெல் கொள்வனவுப் பதிவுக்கான நிரல். சோதனையில் பத்துப் பெயர்களும் ஒழுங்காக ஏறின. காலபோக அறுவடையில் பதிவுகள் குவிந்து, விடுவித்த இடங்களே திரும்பத் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் விழுந்தது. கமக்காரர்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்ற நேரம் அது. அந்தக் காலைப்பொழுது இன்னும் மனதை உறுத்துகிறது.

தீர்வு: அலொகேட்டர்களைப் பயன்படுத்தச் சி++ நூலகம் தரும் பொது இடைமுகமான அலொகேட்டர் ட்ரெயிட்ஸின் கன்ஸ்ட்ரக்டை அழையுங்கள்; வெறும் இடத்தில் பொருளைக் கட்டுவது அதுதான். சி++11 முதல் இருக்கிறது. பழைய நூல்கள் காட்டும், அலொகேட்டரின் சொந்தக் கன்ஸ்ட்ரக்ட் சி++20இல் நீக்கப்பட்டுவிட்டது. முடிக்கும்போது முதலில் பொருளை இடிக்கும் டிஸ்ட்ரோய், பிறகே இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் டீஅலொகேட். எத்தனை பொருளுக்கு இடம் கேட்டீர்களோ, அதே எண்ணிக்கையையே டீஅலொகேட்டுக்கும் சொல்ல வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் இன்னொன்று. ஐந்து பொருள்களைக் கட்டும்போது மூன்றாவதன் கன்ஸ்ட்ரக்டர் (பொருளைக் கட்டும் செயற்கூறு) எக்செப்ஷன் எறிந்தால், அதாவது பிழை என்று அறிவித்து இடையில் நின்றால், கட்டி முடித்த இரண்டையும் நீங்கள்தான் இடித்து, இடத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் இடத்தில் பொருள்களின் நகல்களைக் கட்டும் நூலகச் செயற்கூறான அன்இனிஷியலைஸ்ட் காப்பி அந்த இடிப்பைத் தானே செய்துவிடும். இடத்தைத் திருப்பிக் கொடுப்பது அப்போதும் உங்கள் பொறுப்பு.