பதின்மூன்று நிறுத்தங்களும் மூன்று முக்குகளும்

அன்புள்ள ஐயா,

கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக ஒரே ஒருமுறை கடந்து நடக்க முடியுமா என்ற பழைய கணக்கைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். காங்கேயம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டிக்கு வண்டி ஓட்டுகிறேன். தினமும் விடியும் முன்பே கரட்டுத்தோட்டத்திலுள்ள எங்கள் சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) குட்டியானை வண்டியை எடுத்து, வழியெல்லாம் கேன்களை ஏற்றி, சொசைட்டியில் இறக்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும். எங்கள் தோட்டத்தையும் சொசைட்டியையும் சேர்த்து மொத்தம் 13 இடங்கள். ஒருமுறை போன இடத்துக்கே வண்டி மறுபடி போனால், அப்போதுதான் கறந்து முடித்தவர்கள் கைகாட்டி நிறுத்துகிறார்கள். நேரம் போய்விடுகிறது, வெயிலேறினால் பால் திரிந்துவிடும். அதனால் ஒவ்வோர் இடத்தையும் ஒரே ஒருமுறை தொட்டுத் திரும்பும் வழியை இரண்டு வாரமாக நோட்டில் போட்டுப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. சில முக்குகளில் ஒற்றைப்படையில் வழிகள் சேருவதால் முடியாது என்கிறான் அக்கா மகன். கொங்கு நாட்டின் ஏழு சிவன் கோயில்களான கொங்கேழ் தலங்களை ஒரே சுற்றில் பார்த்துவந்த எனக்கு இது மட்டும் ஏன் முடியவில்லை? எனக்குக் கிடைக்கவில்லை என்பதால் வழியே இல்லை என்று ஆகிவிடுமா?

வண்டி போகிற வழிகளை எல்லாம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். சொசைட்டிக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவே ஓர் இட்டேரி (வேலிகளுக்கு இடையே போகும் வண்டிப்பாதை) இருந்தது. சீமைக்கருவேல் மண்டி மூடிவிட்டதால் அதை வரையவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி. வழி ஒன்று கிடைத்துவிட்டால் அதை வரிசையாக எழுதிக் காட்டினால் போதும், யாரும் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். வழி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், எத்தனை வாரம் தேடினோம் என்பது சாட்சியாகாது. தேடிப் பயனில்லை என்பதற்கு ஒரு காரணத்தைக் காட்டியாக வேண்டும். உங்கள் படத்தில் அப்படியொரு காரணம் இருக்கிறது.

அதற்கு முன், உங்கள் அக்கா மகனின் முடிவு சரி, அவர் சொன்ன காரணம் சரியல்ல. அதில் என் பிழையும் உண்டு. 1736இல் கணித அறிஞர் ஆய்லர் எடுத்துக்கொண்ட கோனிக்ஸ்பெர்க் கேள்வி ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை கடப்பது பற்றியது. அங்கே வழிகள்தான் எண்ணப்படுகின்றன, இடங்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். தெருத்தெருவாகத் தபால் கொடுப்பவரின் கணக்கு அது. அதற்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்தால் போதும். உங்களுடையது இடங்களை எண்ணும் கணக்கு, சில வழிகளில் போகாமலே விட்டுவிடலாம். இந்த வேறுபாட்டை அந்தக் கட்டுரையில் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். இடங்களைத் தொட்டுத் திரும்பும் இத்தகைய வழிக்கு ஹாமில்டன் சுற்று என்று பெயர். அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1857இல், 12 ஐங்கோண முகங்களும் 20 முனைகளும் கொண்ட உருவத்தை வைத்து, எல்லா முனைகளையும் ஒருமுறை தொட்டுத் திரும்பும் விளையாட்டு ஒன்றை அமைத்தார். அதன் உரிமையை 25 பவுனுக்கு ஒரு வணிகரிடம் விற்றார். இதே வகைச் சுற்றுகளை அவருக்குச் சற்று முன்பே தாமஸ் கிர்க்மன் என்ற கணித அறிஞர் ஆராய்ந்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹாமில்டனின் உருவத்தில் ஒவ்வொரு முனையிலும் சேருபவை மூன்று கோடுகள். இருபதும் ஒற்றைப்படை, ஆனாலும் சுற்று உண்டு. மாறாக, எட்டு என்ற எண்ணை 8 என எழுதி அதன்மேல் புள்ளிகள் வைத்துப் பாருங்கள். நடுப்புள்ளியில் நான்கு கோடுகள், மற்றவற்றில் இரண்டிரண்டு, எல்லாம் இரட்டைப்படைதான். இருந்தும் நடுப்புள்ளியை இருமுறை தொடாமல் அதைச் சுற்றிவர முடியாது.

இந்த நடுப்புள்ளியில்தான் உங்களுக்கான விடையும் இருக்கிறது. கட்டி முடிச்சிட்ட ஒரு பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு பூவை வெட்டி எடுத்தால் மாலை அறுந்து ஒரே சரமாக நிற்கும். இரண்டு பூக்களை எடுத்தால் அதிகபட்சம் இரண்டு துண்டுகள், மூன்றை எடுத்தால் அதிகபட்சம் மூன்று. எடுத்த பூக்களின் எண்ணிக்கையைவிடத் துண்டுகள் கூடவே முடியாது. ஹாமில்டன் சுற்று என்பதும் எல்லா இடங்களையும் கோத்த ஒரு மாலைதான் என்பதால், சுற்று உள்ள எந்தப் படத்திலும் சில இடங்களை அழித்தால் மிச்சம் அத்தனை துண்டுகளுக்கு மேல் சிதறக் கூடாது.

உங்கள் படத்தில் பிள்ளையார் கோயில், வாய்க்கால் பாலம், ரேஷன் கடை முக்கு ஆகிய மூன்றையும் விரலால் மூடிக்கொள்ளுங்கள். வடக்கே கரட்டுத்தோட்டம், மேட்டுத்தோட்டம், ஊஞ்சக்காடு மூன்றும் ஒரு துண்டாக நிற்கின்றன. கிழக்கே புளியாந்தோட்டமும் பனங்காடும் ஒரு துண்டு. தெற்கே கிணத்துத்தோட்டம், பள்ளத்தோட்டம், ஓடைக்காடு ஒரு துண்டு. மேற்கே வேலாங்காடும் சொசைட்டியும் ஒரு துண்டு. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு நேர்வழி எதுவும் இல்லை. மூடியது மூன்று, சிதறியது நான்கு. நான்கு துண்டுகளையும் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப நான்கு முறையாவது வாசல் தாண்டியாக வேண்டும், ஆனால் வாசல்களாக இருப்பவை நீங்கள் மூடிய அந்த மூன்று இடங்களே. ஆகவே நீங்கள் தேடிய சுற்று இல்லை. இரண்டு வாரமாக அது கிடைக்காமல் போனதற்கு உங்கள் திறமைக் குறைவு காரணமாகாது.

கொங்கேழ் தலங்களின் கதை வேறு. கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, பவானி, திருச்செங்கோடு, அவிநாசி, திருமுருகன்பூண்டி ஆகிய ஏழில் எதிலிருந்தும் எதற்கும் போகலாம். இடையில் ஓர் ஊரைக் கடந்து போனால் அதைக் கோயிலுக்குப் போனதாக யாரும் கணக்கில் கொள்வதில்லை. எல்லாப் புள்ளிகளுக்கும் இடையே கோடு உள்ள படத்தில் சுற்று இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை, எது குறுகியது என்பது மட்டுமே கேள்வி. முன்னும் பின்னுமாகப் போவதை ஒன்றாகக் கொண்டால் ஏழு தலங்களுக்கு 360 சுற்றுகள். 13 இடங்கள் அப்படி இணைந்திருந்தால் 23,95,00,800 சுற்றுகள் வரும். வழிகள் அவ்வளவு தாராளமாக இல்லாவிட்டாலும் சுற்று உறுதி என்று சொல்லும் தேற்றங்கள் உண்டு. மூன்றோ அதற்கு மேலோ புள்ளிகள் உள்ள படத்தில், ஒவ்வொன்றும் மொத்தத்தில் பாதிக்குக் குறையாத புள்ளிகளோடு இணைந்திருந்தால் சுற்று இருந்தே தீரும் என்று 1952இல் டிராக் நிறுவினார். (இவர் இயற்பியல் அறிஞர் டிராக் அல்லர், கேப்ரியல் டிராக்.) உங்கள் ஊருக்கு அது உதவாது. 13 இடங்களுக்கு ஒவ்வொன்றிலும் ஏழு வழிகளாவது வேண்டும், தோட்டங்களை இணைக்கும் இட்டேரிகளில் அதற்கு எங்கே போவது?

மாலைச் சோதனையும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதைச் சொல்லாமல் விட்டால் மறுபடி அதே பிழையைச் செய்தவனாவேன். அதில் தோற்ற படத்தில் சுற்று இல்லை என்பது உறுதி, ஆனால் தேறிய படத்தில் சுற்று உண்டு என்று சொல்லிவிட முடியாது. வெளியே ஓர் ஐங்கோணம், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் வரைந்து, ஒவ்வொரு வெளிமுனையையும் அதற்கு நேரான உள்முனையோடு இணையுங்கள். 10 புள்ளிகள், 15 கோடுகள் கொண்ட இதற்குப் பீட்டர்சன் வரைபடம் என்று பெயர். எத்தனை புள்ளிகளை எடுத்தாலும் அது அதற்கு மேல் சிதறாது. இருந்தும் சுற்று கிடையாது, அதே சமயம் எந்த ஒரு புள்ளியை நீக்கினாலும் மீதி ஒன்பதுக்கும் சுற்று வந்துவிடுகிறது! எத்தனையோ முறை வரைந்து பார்த்துவிட்டேன், வியப்பு இன்னும் தீரவில்லை. எல்லாப் படங்களுக்கும் பொருந்தும்படி, சுற்று உண்டா இல்லையா என்று விரைவாகச் சொல்லும் முறை இன்றுவரை கண்டறியப்படவில்லை. அப்படியொரு முறை இருக்கவே முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை. 1972இல் கணினி அறிஞர் ரிச்சர்ட் கார்ப் ஒன்றுக்கொன்று ஈடான 21 கடினமான கணக்குகளைப் பட்டியலிட்டபோது இதுவும் அதில் இருந்தது. அவரும் ஹெல்டும் 1962இல் தந்த முறையில் 13 இடங்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் படிகள் ஆகும், கணினிக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஓர் இடம் கூடும்போதெல்லாம் வேலை இரு மடங்குக்கும் மேல் பெருகும்.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் மாலை வெறும் சரமாகிவிடுகிறது. சரத்தில் மூன்று பூக்களை எடுத்தால் நான்கு துண்டுகள் வரலாம், ஆகவே அங்கே தடையில்லை. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரின் பாதுகா சகஸ்ரம் என்ற வடமொழி நூலில், 32 எழுத்துகள் கொண்ட ஒரு செய்யுளை 4-க்கு 8 கட்டங்களில் எழுதிச் சதுரங்கக் குதிரையின் நடையில் படித்தால் அடுத்த செய்யுள் கிடைக்கும். அதுவும் இப்படிப்பட்ட சரம்தான், ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை தொடும், தொடங்கிய கட்டத்துக்குத் திரும்பாது. நான்கு வரிசைப் பலகையில் குதிரையால் அப்படித் திரும்பவே முடியாது. உங்கள் படத்தில் கிடைக்கும் சரம் இது: கரட்டுத்தோட்டம், மேட்டுத்தோட்டம், ஊஞ்சக்காடு, பிள்ளையார் கோயில், புளியாந்தோட்டம், பனங்காடு, வாய்க்கால் பாலம், கிணத்துத்தோட்டம், பள்ளத்தோட்டம், ஓடைக்காடு, ரேஷன் கடை முக்கு, வேலாங்காடு, சொசைட்டி. பாலை இறக்கிய பிறகு பிள்ளையார் கோயில் வழியாகத் தார்ச்சாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டாம் முறை தொடுவது அந்த ஓர் இடத்தை மட்டுமே, அப்போது வண்டியில் ஏற்ற வேண்டியதும் எதுவும் இல்லை. ஓர் இடத்தையாவது மறுபடி தொடாமல் முடியாது என்பதை மேலே பார்த்துவிட்டோம், ஆகவே இதைவிடக் குறைக்க இயலாது.

நீங்கள் வரையாமல் விட்ட அந்த இட்டேரியைப் பென்சிலால் நான் படத்தில் சேர்த்துப் பார்த்தேன். வடக்குத் துண்டும் மேற்குத் துண்டும் ஒன்றாகின்றன, மூன்று முக்குகளை மூடினால் மூன்றே துண்டுகள். மேலே சொன்ன சரத்தின் இரு முனைகளும் கரட்டுத்தோட்டமும் சொசைட்டியும்தானே, அந்த இட்டேரி அவை இரண்டையும் நேராக முடிச்சிடுகிறது. அதிலுள்ள சீமைக்கருவேலை வெட்டி வண்டி போகும் அகலத்துக்கு வழிவிட்டால், பிள்ளையார் கோயிலையும் இரண்டாம் முறை தொட வேண்டியதில்லை.