அவலான் விளையாட்டில் நல்லவர் தரப்பு தோற்றுக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்பவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏழு பேராக அவலான் ஆடுவதாகவும், நல்லவர் தரப்பில் சீட்டு வந்தாலே தோல்விதான் என்றும், பொய் சொல்பவரை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏதேனும் வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முகத்தை விட்டுவிட்டு வாக்குகளைப் பாருங்கள் என்பதே என் பதில்.

டான் எஸ்கிரிட்ஜ் வடிவமைத்து 2012இல் வெளிவந்த அவலான், யார் நல்லவர், யார் தீயவர் என்பதை ரகசியச் சீட்டுகளில் மறைத்து ஆடும் விளையாட்டு; ஐந்து பணிகளில் மூன்றில் வெல்லப் பார்ப்பவர் நல்லவர், மூன்றைக் கெடுக்கப் பார்ப்பவர் தீயவர். இதில், பணிக்குச் சென்றவர்களின் வெற்றி, தோல்விச் சீட்டுகள் கலக்கப்பட்ட பின்னரே திறக்கப்படுவதால் யார் எதைப் போட்டார் என்பது தெரியாமல் போகிறது. தலைவர் முன்மொழிந்த அணியை யார் ஏற்றார், யார் மறுத்தார் என்பதோ அனைவர் கண்ணெதிரிலும் வெளிப்படுகிறது. பெரும்பாலோர் இந்த வாக்கை ஒரு சடங்காகக் கருதி, முதல் அணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடுகிறார்கள்.

ஏழு பேர் ஆட்டத்தில் நல்லவர் நால்வர், தீயவர் மூவர். ஐந்தாம் பணிக்குச் செல்ல வேண்டியவர்களும் நால்வர்தான். எனவே அந்த அணியில் இடம்பெறாத ஒரு நல்லவருக்கு, உள்ளே இருக்கும் நால்வரில் ஒருவராவது தீயவர் என்பது யாரும் சொல்லாமலேயே தெரியும். ஒரே தோல்விச் சீட்டு பணியைக் கெடுத்துவிடும் என்பதால் அவர் மறுத்தே ஆக வேண்டும். வெளியில் இருந்துகொண்டு அந்த அணியை ஏற்பவர் ஒன்று தீயவர், அல்லது எண்ணிப் பார்க்காதவர். இரண்டாமவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். நான்காம் பணியைக் கெடுக்க இரண்டு தோல்விச் சீட்டுகள் வேண்டும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு இவ்வளவு கறாராகப் பொருந்தாது. தொடர்ந்து நான்கு அணிகள் மறுக்கப்பட்டு ஐந்தாவது அணி வரும்போது, அதையும் மறுத்தால் தீயவர்களே வென்றுவிடுவார்கள் என்பதால், அந்த ஏற்பு வாக்கை வைத்து யாரையும் சந்தேகிக்க முடியாது.

இதே வாக்குகளைத்தான் எதிர்த் தரப்பின் கொலையாளியும் கவனித்துக்கொண்டிருக்கிறார். நல்லவர் தரப்பு மூன்று பணிகளில் வென்ற பிறகும், தீயவர் யார் என்று தொடக்கத்திலேயே அறிந்த நல்லவரான மெர்லினை அவர் சரியாகச் சுட்டிக்காட்டிவிட்டால் ஆட்டம் கைமாறிவிடும். எந்தப் பணியும் தோற்காத நிலையிலேயே, தீயவர் இருக்கும் அணியை மட்டும் தவறாமல் மறுத்துவரும் ஒருவர் தம் சீட்டைத் திறந்து காட்டியதற்கு ஒப்பாவார். ஆகையால் மெர்லினாக வந்தால், தொடக்கத்தில் கெட்ட அணி ஒன்றைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்; இரண்டு பணிகள் வரை இழக்கலாம். பிறகு சந்தேகத்தைச் சொல்லும்போது, 'மூவர் சென்ற பணியில் இரண்டு தோல்விச் சீட்டுகள் விழுந்தன, ஆகவே அந்த மூவரில் குறைந்தது இருவர் தீயவர்' என்பதுபோல எல்லோரும் பார்த்த ஒன்றையே காரணமாகக் காட்டுங்கள்.

நல்லவர் தரப்பின் இன்னொரு பாத்திரமான பெர்சிவலாக வந்தவர் இதற்கு நேர்மாறாக நடக்கலாம். மெர்லினும், மெர்லின்போல அவருக்குத் தோன்றும் தீயவரான மோர்கனாவும் அவருக்குக் காட்டப்பட்டாலும், அந்த இருவரில் யார் எவர் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாம் அறிந்தவர்போல உறுதியாகப் பேசினால் கொலையாளியின் பார்வை அவர்மீது திரும்பும். சாதாரண நல்லவர்களும் இப்படிப் பேசுவதில் தவறில்லை.

வாக்குகளை நினைவில் வைத்திருப்பது கடினம் என்றால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். சிலர் குறிப்பெடுப்பதை விரும்புவதில்லை என்பதால் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.